பெரியம்மா திருத்திய படம்

எங்கள் குடும்பப் படங்களில் சில வருடங்களாக என் மகள் இல்லை. படங்களை எடுப்பவளே அவள்தான். பிறந்தநாளோ, கோயில் திருவிழாவோ, யாருடைய கலியாணமோ, ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியதும் முந்திக்கொண்டு போனை வாங்கிவிடுவாள். "நான் எடுக்கிறன், நீங்க நில்லுங்கோ" என்று அந்த ஒரு வசனத்தை மட்டும் பிசகில்லாத தமிழில் சொல்லுவாள். மற்றதெல்லாம் அநேகமாக ஆங்கிலம். பிள்ளைக்குப் படம் எடுப்பதில் நல்ல ஆர்வம் என்று சனங்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆர்வம் ஒன்றுமில்லை. பதினாலு வயதில் அவளுடைய வாயோரத்தில் அரிசி அளவில் ஒரு வெள்ளை விழுந்தது. அது மெல்ல உதட்டைச் சுற்றிப் படர்ந்தது. பிறகு விரல் நுனிகளிலும் வந்தது. வெண்புள்ளி என்றார் தோல் வைத்தியர். நோகாது, ஒட்டாது, ஆளுக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்றார். நான் இரசாயனம் படித்தவள். மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏற்றுமதி உணவுகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். தோலில் நிறம் எப்படிப் போகிறது என்று எனக்கு விளங்கும். விளங்கி என்ன? என் அக்கா அன்றைக்குப் பின்னேரமே வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, வைத்தியர் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"இது வெண்குட்டம் எல்லோ? வெளிய ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. பொம்பிளைப் பிள்ளை."

அடுத்த முறை வரும்போது மறைப்புக் கிரீம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். விலை கூடிய சாமான். எங்கள் நிறத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதை நான்தான் பூசிவிட்டேன். பூசும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். முடிந்ததும் கண்ணாடியைப் பார்க்காமல் எழுந்து போவாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவள் அவள்தான். வந்த புதிதில் மவுண்ட் ரொஸ்கிலில் அவளுடைய வீட்டில்தான் இருந்தோம். என் மகளுக்கு நடக்கப் பழக்கியதும் அவள்தான். ஆகவே எங்கள் வீட்டில் அக்கா எதைச் செய்தாலும் அது நல்லதுதான். அப்படித்தான் பழகிவிட்டோம்.

போன வருடம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி ஆண்டு. பிரிந்து போகிற மாணவர்களின் முகங்களையெல்லாம் ஆண்டு மலரில் போடுவார்கள். அவரவர் தங்களுக்குப் பிடித்த படமொன்றை எடுத்து அனுப்பவேண்டும். அனுப்பாதவர்களின் பெயருக்கு மேலே சாம்பல் நிறத்தில் தலையும் தோளும் மட்டும் இருக்கும்.

"கிரே இஸ் ஃபைன்" என்றாள் மகள்.

எனக்கு அது ஃபைனாக இல்லை. பதின்மூன்று வருடம் படித்த பிள்ளை, பெயரோடு ஒரு நிழலாக நிற்கப் போகிறது. இரவில் இதை நினைத்து நினைத்து என் கணவரின் நித்திரையையும் கெடுத்தேன். கடைசியில் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி ஹில்ஸ்பரோவில் இருக்கும் ஒரு படப்பிடிப்பாளரைச் சொன்னாள். மலேசியத் தமிழ்ப் பெண். கூச்சப்படுகிற பிள்ளைகளை எடுப்பதில் கெட்டிக்காரியாம். எப்படியோ கெஞ்சி மகளைச் சம்மதிக்க வைத்தேன். "ஒருக்கா மட்டும். பிடிக்காட்டி எழும்பி வந்திடலாம்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் தொலைபேசியில் எனக்குச் சில கட்டளைகள் போட்டாள்.

"புது உடுப்பு வேணாம்மா. வீட்டுல போடுறதே போட்டு வரட்டும். அப்பறம் கார்ல வரப்போ 'அழகா சிரி, நேரா நில்லு'ன்னு ஒண்ணும் சொல்லாதீங்க. பேசவே பேசாதீங்க. ரேடியோ போட்டுக்கிட்டு வாங்க லா."

நான் வானொலியைப் போட்டேன். கிளென் ஈடன் வட்டச்சந்தியைத் தாண்டவில்லை, "முதுகை நிமித்திக்கொண்டு இரு குஞ்சு" என்று சொல்லிவிட்டேன். மகள் சத்தத்தைக் கூட்டினாள்.

அது வீட்டோடு சேர்ந்த கராஜ். உள்ளே சாம்பல் சுவர், ஒரு பெரிய யன்னல், ஒரு முக்காலி. ஒரு தட்டு நிறைய மாண்டரின் பழங்கள். இங்கே குளிர்காலத்தில் எல்லா வீடுகளிலும் கிடக்கும் சின்னத் தோடம்பழங்கள். கமராவை எங்கேயும் காணவில்லை.

"முதல்ல அம்மா உக்காருங்க. வெளிச்சம் பாக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

நானா என்று தயங்கி முக்காலியில் ஏறினேன். கை இரண்டும் தானாக மடியில் வந்து சேர்ந்துகொண்டன. தாடை இறுகியது. அவள் ஒரு அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்து ஒரு தடவை அமத்தி, என் மகளிடம் காட்டினாள்.

"அம்மா! விசா இன்டர்வியூவா?" என்று மகள் சிரித்தாள். உண்மையாகச் சிரித்தாள். வாயைக் கையால் மூட மறந்து சிரித்தாள். "இவங்களுக்கு நான் விசா குடுக்கமாட்டேன்" என்று படப்பிடிப்பாளர் சொல்ல, இரண்டு பேருமாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபமும் வந்தது, வயிற்றுக்குள் பால் வார்த்த மாதிரியும் இருந்தது.

பிறகு மகள் முக்காலியில் ஏறி இருந்தாள். இருந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். குளிர்ச்சட்டையின் கைகளை இழுத்து விரல்களை மறைத்துக்கொண்டாள். உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். காலையில் நான் பூசிவிட்ட கிரீம் யன்னல் வெளிச்சத்தில் மெழுகு மாதிரி மினுங்கியது. நாலைந்து தடவை கமரா சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் கமராவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, நீங்க வெளிய உக்காருங்க."

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

"பேசல. ஆனா ஒவ்வொரு கிளிக்குக்கும் அது உங்களத்தான் பாக்குது. உங்க முகத்துல மார்க் தேடுது, பாவம்."

நான் வெளியே போய்க் காருக்குள் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கராஜ் கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு கேட்டது, ஆள் தெரியவில்லை.

அவள் என் மகளைச் சிரிக்கச் சொல்லவேயில்லை. பழம் உரிக்கச் சொன்னாள். "எனக்கும் ஒண்ணு உரிச்சுக் குடு. தோல் அறுந்துடாம ஒரே துண்டா வரணும். வருதா பாப்போம்." உரிப்பதென்றால் சட்டைக் கைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வரத்தானே வேண்டும். பழம் பீச்சியடித்திருக்க வேண்டும், மகள் கத்தினாள். "முகத்த தொடைச்சுக்க, டிஷ்யு அங்க இருக்கு" என்று கேட்டது. பிறகு தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம். மகள் முகம் கழுவுகிறாள் என்று எனக்கு விளங்கியது. துடைத்ததில் கிரீம் கலைந்திருக்கும். அரைகுறையாக விடாமல் முழுதையும் கழுவியிருக்கிறாள்.

நான் கார்க் கதவின் பிடியில் கை வைத்தேன். இறங்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது.

"இந்தா, இதுல பாரு. பிடிக்கலன்னா இந்த பட்டன அமுக்கு, போயிடும். அழிக்கிறது உன் வேலை. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னது கேட்டது. மகள் அழித்தாள் போல. இன்னொன்றையும் அழித்தாள். "ஓ, அதுவுமா? கல்நெஞ்சுக்காரி லா நீ!" பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நெடுநேரம் போனது. ஒரு அந்நியப் பெண் ஒரு தட்டுப் பழத்தை வைத்துக்கொண்டு செய்ததை, இத்தனை வருடம் அவளுக்குச் சோறு போட்ட நான் செய்யவில்லையே என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன், ஆனால் மனம் வரவில்லை.

ஒரு கிழமையில் படங்கள் வந்தன. கோயிலடியில் காரை நிறுத்தியபோது மகள் தன் போனை நீட்டினாள். "திஸ் வன்" என்றாள்.

பழத்தோலை ஒரே சுருளாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வென்றுவிட்டவள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டைச் சுற்றி வெள்ளை. தோலைப் பிடித்த விரல்களிலும் வெள்ளை. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் காட்டுவதற்காக வைத்திருக்கவும் இல்லை. என் பிள்ளை. அவ்வளவுதான்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "ம்… நல்லாயிருக்கு. கை தெரியுதே, பரவாயில்லையோ?"

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். "இட்ஸ் மை ஹேண்ட், அம்மா" என்றாள். கோபிக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு துணிவு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "பெரியம்மாவுக்கு அனுப்பட்டே? ஆசைப்படுவா." மகள் தோளைக் குலுக்கினாள். "சரி. பெரியம்மாவுக்கு மட்டும்."

கேட்டுத்தான் அனுப்பினேன். இதை எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன். அக்காவிடமிருந்து ஒரு இதயமும் கும்பிடும் கைகளும் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மகளின் பதினெட்டாவது பிறந்தநாள் ஆண்டு மலருக்குப் படம் அனுப்பும் கடைசித் தேதிக்குக் கொஞ்சம் முந்தி வந்தது. "பேர்த்டேக்குப் பிறகு அனுப்புவன்" என்று மகள் சொல்லியிருந்தாள். வீட்டில் பெரிய கொண்டாட்டம் இல்லை. உறவுச் சனம் கொஞ்சம், மகளின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் இரண்டு பேர், ரோல்ஸ், கேக். மகள் கிரீம் பூசவில்லை. நானும் அந்தக் குழாயை எடுத்து வைக்கவில்லை. வந்த சனத்தில் சிலர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் ரோல்ஸைக் கடித்தார்கள். அது போதும் என்றிருந்தது எனக்கு.

கேக் வெட்டி முடிந்ததும் அக்காவும் அத்தானும் காருக்குள்ளிருந்து பெரிய தட்டையான பொதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மினுங்கும் கடதாசி சுற்றியிருந்தது.

"பிரி பிள்ளை, பிரி! உனக்கெண்டு பெரியம்மா செய்விச்சது. எல்லாரும் இஞ்சால வாங்கோ!"

மகள் கடதாசியைக் கிழித்தாள். கன்வஸ் துணியில் அச்சடித்து மரச்சட்டம் போட்ட படம். அவளுடைய இடுப்பளவு உயரம். அந்தச் சிரிப்புத்தான், அந்தப் பழத்தோல்தான். ஆனால் வாயைச் சுற்றி இருந்த வெள்ளையைக் காணவில்லை. விரல்கள் பத்தும் ஒரே நிறம். நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு முளைத்திருந்தது. இதையெல்லாம் செய்துவிட்டு முகம் முழுவதையும் கொஞ்சம் வெளிறவும் வைத்திருந்தார்கள். வெள்ளையை அழித்து, பிறகு பிள்ளையையே வெள்ளையாக்கிவிட்டிருந்தார்கள்.

அதையெல்லாம் நான் பிறகுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் பரிசு கொண்டுவந்தால், அது என்னவென்று கண் பார்க்கமுதல் வாய் புகழ்ந்துவிடும். சேலையோ, வெள்ளிச் செம்போ, பிளாஸ்டிக் மணிக்கூடோ, எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்தான். கொண்டுவந்தவரின் முகம் சுருங்கக்கூடாது. அதுவும் அக்கா. கடதாசி முழுதாக விழமுதலே என் வாய் சொல்லிவிட்டது.

"ஐயோ அக்கா, என்ன வடிவு! நல்ல வடிவா வந்திருக்கு!"

மகளுக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் கொஞ்சம்தான். வடிவு அதில் ஒன்று. சின்ன வயதிலிருந்து, தலை வாரி இழுத்துவிடும் நேரங்களில் கேட்ட சொல். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கராஜில் ஒவ்வொரு கிளிக்குக்கும் பார்த்த அதே பார்வை. நான் மார்க்கைப் போட்டு முடித்துவிட்டேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். "நடிகை மாதிரி இருக்கிறாள்" என்றார் அத்தான். சிநேகிதிகள் இரண்டு பேரும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

"படத்துக்குப் பக்கத்தில நில்லு பிள்ளை, ஒரு போட்டோ எடுப்பம்" என்றாள் அக்கா.

நில்லாமல் விடுவாள் என்று நினைத்தேன். அறைக்குள் ஓடிக் கதவை அடித்துச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தியிருந்தால் நல்லது. அவள் போய் நின்றாள். சட்டைக் கைகளை விரல்களுக்கு மேலே இழுத்துவிட்டாள். உதடுகளை உள்ளே மடித்தாள். "சிரி" என்றார்கள். சிரித்தாள். ஐந்தாறு போன்கள் எடுத்தன. அவ்வளவு ஒத்துழைப்பாக அவள் எந்தப் படத்துக்கும் நின்றதில்லை. "இப்பதான் கூச்சம் போயிருக்கு" என்று அக்கா என் காதுக்குள் சொன்னாள்.

சனம் போனபிறகு என் கணவர் அந்தப் படத்தைக் கராஜுக்குள் கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்க வைத்தார். நான் மகளின் அறைக்குப் போனேன். கட்டிலில் இருந்து நகத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு, அம்மா அதைச் சரியாப் பாக்கேல்லை. பெரியம்மாவின்ர மனம் நோகக்கூடாதெண்டு சும்மா சொன்னது. மரியாதைக்கு."

"யூ செட் வடிவு."

"மரியாதைக்கு, பிள்ளை."

அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல. என் உண்மையான படத்தைப் பார்த்தபோது நீ அதைச் சொல்லவில்லை. மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. கை தெரியுதே என்று கேட்டாய்.

அறைக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் அக்காவிடம் போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளோடு சத்தம் போட்டேன்.

"ஏன் அக்கா இப்பிடிச் செய்தனீங்கள்? ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

"என்ன பிழை செய்தனான்? கனடாவில இருக்கிற ஒரு பெடியனிட்டைக் குடுத்து, காசும் குடுத்து, ஆசையா செய்விச்சனான். உனக்கு விசரே? நாளைக்குக் கலியாணத்துக்கு ஆரும் ஒரு இடத்தில பிள்ளையின்ர படத்தைக் கேட்டால் எதைக் குடுப்பாய்? அந்தக் கையையும் வாயையும் காட்டிக்கொண்டு நிக்கிற படத்தையே?"

"அவளுக்குப் பதினெட்டு வயது. ஆர் இப்ப கேட்டது?"

"பதினெட்டு இருபத்தஞ்சாக எவ்வளவு நேரம் போகும்? நான் அவளைத் தூக்கி வளத்தனான். உன்னைவிட எனக்கு அவளில பாசம் குறைவெண்டு நினைக்காதை." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நடிப்பில்லை. அதுதான் தாங்க முடியாதது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எல்லாருக்கும் முன்னால நீதானேயடி வடிவு எண்டு சொன்னனீ. இப்ப வந்து என்னோட ஏன் பாயிறாய்?"

கடைசித் தேதி வந்தது, போனது. அன்று காலையில் மேசையில் கோப்பையை வைத்துக்கொண்டு, "படம் அனுப்பியாச்சே?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "யெப்" என்றாள். பொய் என்று தெரியும். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நம்பிக்கையோடு இருந்தேன். ஹில்ஸ்பரோப் பெண்ணிடமிருந்து, மகளின் படத்தைத் தன் சுவரில் போடலாமா என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. மகளிடம் காட்டினேன். என் கையிலிருந்து போனை வாங்கி, தானே பதில் எழுதினாள். நன்றி, வேண்டாம்.

வருடக் கடைசியில் ஆண்டு மலர் வந்தது. அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, என் மகளின் பெயருக்கு மேலே, சாம்பல் நிறத்தில் தலையும் தோளும். தலைமுடியும் இல்லை, கண்ணும் இல்லை. விரல்கள் இருக்க இடமேயில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கமுதல் புத்தகத்தை மூடி, கிடந்த இடத்திலேயே வைத்தேன்.

கன்வஸ் படத்தை அக்கா திருப்பிக் கேட்டாள். "உங்கட கராஜுக்குள்ள கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்போகுது." என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைத் தடுக்க எனக்குத் திராணியில்லை.

இந்தத் தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. மகள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், கிரீம் பூசிக்கொண்டு. தானே பூசியிருந்தாள். என்னைவிடத் திறமாகப் பூசியிருந்தாள். விரல்களுக்கும் பூசியிருந்தாள். வரவேற்பறையில், சாமிப்படத்துக்கு எதிர்ச்சுவரில், அந்தப் படம் தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் பார்த்து, "நல்ல வடிவான பிள்ளை" என்றார்கள். அந்தப் பிள்ளை அவர்களுக்குப் பக்கத்தில் பொங்கல் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அக்கா எல்லாரையும் படத்துக்குக் கீழே கூப்பிட்டாள். வரிசையில் நின்றோம். மகள் முந்திக்கொண்டு அத்தானின் போனை வாங்கினாள்.

"நான் எடுக்கிறன், நீங்க நில்லுங்கோ."

நின்றேன். கை இரண்டும் தானாக வந்து சேர்ந்துகொண்டன. "அம்மா, சிரிங்கோ" என்றாள். சிரித்தேன். சரியாகச் சிரித்தேனா, அவளுக்குப் போதுமா என்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். போனுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. போனைப் பிடித்த விரல்கள் மட்டும் தெரிந்தன, பத்தும் ஒரே நிறத்தில்.